தாளின் பின்பக்கம்

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.
கூலி அறுநூற்றைம்பது, சாப்பாடு நம்முடையது.
தஞ்சாவூர் புறவழிச்சாலையில்
வடவாற்றுப் பாலம் தாண்டி
ஒரு கால் வளைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
எண்ணுகிறேன்.

தாளில் பதினோரு கட்டம்.
காருக்கும் ஜீப்புக்கும் சேர்த்து ஒன்று, பேருந்துக்கு ஒன்று,
லாரிக்கு மட்டும் அச்சுக்கணக்கில் மூன்று.
நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்கு இருக்கிறது.
மாட்டு வண்டிக்குக்கூட இருக்கிறது.
மூன்று நாளாக ஒரு மாடும் வரவில்லை,
கட்டம் காத்துக்கொண்டிருக்கிறது.

நடக்கிறவர்களை எதில் போடுவது என்று கேட்டேன்.
சூப்பர்வைசர் கோதண்டபாணி
வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:
"அது டெண்டர்ல இல்லம்மா."

ஆறே காலுக்கு முதல் ஆள்.
தலையில் கறிவேப்பிலைக் கட்டு, கையில் செருப்பு.
நடுத்தடுப்பின் வேலியில்
யாரோ இரண்டு கம்பியை வளைத்து வைத்திருக்கிறார்கள்.
ஒருக்களித்து நுழைகிறாள்.
வேலி நெடுகத் துரு,
அந்த இரண்டு கம்பி மட்டும்
கைபட்டுக் கைபட்டு
எவர்சில்வர் மாதிரி மின்னுகிறது.

முறையான வழியும் உண்டு.
கிழக்கே ஒன்றேகால் கிலோமீட்டர் போய்
யூ-டர்ன் அடித்து
அதே ஒன்றேகாலைத் திரும்பி வரவேண்டும்.
இந்தப் பக்கம் பொன்வயல் கார்டன் மனைப்பிரிவு.
அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ரேஷன் கடை,
பஸ் நிற்கும் புங்கமரம்.
நடுவில் முப்பத்தேழு எட்டு.
"நகரத்துக்கு ஐந்தே நிமிடம்" என்கிறது மனை விளம்பரம்.
எதில் போனால் என்று போடவில்லை.

எட்டரைக்குப் பிள்ளைகள்.
பெரியவள் சின்னவளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.
நாலு தடவை காலெடுத்து வைத்து
நாலு தடவை பின்வாங்கினார்கள்.
அதற்குள் நான்
இருபத்தாறு கார், பதினாலு லாரி போட்டிருந்தேன்.

அப்போதுதான் தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

ராத்திரி டூட்டி முடிந்த நர்ஸ்,
கழுத்து அட்டையில் நூருன்னிசா.
சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடந்த கொத்தனார்.
மோர்க்காரி, போகும்போதும் வரும்போதும்.
பிறகு ஒரு நிறைமாதக்காரி.
இப்படித் திரும்பிப் பார்த்தாள், அப்படித் திரும்பிப் பார்த்தாள்,
கம்பியின் இடைவெளி போதவில்லை.
ஒன்றும் சொல்லாமல் வெயிலில்
கிழக்கே நடக்க ஆரம்பித்தாள்.
அவளுக்கு எப்படிக் கோடு போடுவது?
பேனாவைத் தூக்கியபடியே இருந்தேன்.
இரண்டு ஸ்கூட்டர் எண்ணிக்கையில் விட்டுப்போயிற்று.

தண்ணீருக்கு வழிவிடத் தெரிந்த ஊர் இது.
ஆறு, கிளை, வாய்க்கால், கன்னி, மடை
என்று இறங்கி இறங்கி
கடைசி அரைமா நிலத்துக்கும்
இத்தனை நாழிகை என்று முறை வைத்த ஊர்.
இந்தச் சாலை போட்டபோதும்
தண்ணீர் கடக்க அடியில் குழாய் பதித்தார்கள்.
என் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஏழு.
ஒன்றில் நாய் படுத்திருந்தது, நிழலாக.

பதினொன்றரைக்கு எனக்கே அவசரம்.
கழிப்பறை எதிர்ப்பக்கம், பெட்ரோல் பங்கில்.
தண்ணீர் லாரி ஒன்று அடித்த ஹாரனில்
கம்பியில் மாட்டிய துப்பட்டாவை அப்படியே விட்டு ஓடினேன்.
திரும்பும்போது எடுத்துக்கொண்டேன்.
வந்து உட்கார்ந்து மூச்சு அடங்கியபின்
போனதற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று.
தையல்நாயகி, இரண்டு கோடு.

ஆறு மணிக்குக் கோதண்டபாணி வந்தார்.
தாள்களை அடுக்கி, பின்பக்கம் பார்க்காமல்
பைக்குள் வைத்துக்கொண்டார்.
அறுநூற்றுப் பதிமூன்று பேர்
ஜிப்புக்குள் போனார்கள்.

அவருடைய வண்டி எதிர்ப்பக்கம் பஞ்சர் கடையில்.
சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார்.
"எப்படிம்மா அங்கிட்டுப் போறது?"
கம்பியைக் காட்டினேன்.
பையை நெஞ்சோடு அணைத்து, வயிற்றை எக்கி,
எவர்சில்வரில் கை வைத்து
ஒருக்களித்தார்.

எழுதத் தாள் இல்லை.
உள்ளங்கையில் போட்டுக்கொண்டேன்,
வியர்வையில் மை பரவப் பரவ,
இன்னுமொரு கோடு.