உறிஞ்சும் சத்தம்

காலை ஒன்பதுக்கு என் வாய்க்கு வேலை தொடங்கும்.
வரிசையாய் நூற்றிருபது வெள்ளைக் கிண்ணம்.
ஒரு கரண்டி. ஒரு சர்ர்.
நாக்கில் சுழற்றி, மூக்குக்கு ஏற்றி,
பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு
அடுத்த கிண்ணம்.
இருபத்திரண்டு வருஷமாய் இதுதான் சம்பளம்.
குன்னூர் ஏலத்துக்கு வரும் தூளெல்லாம்
என் வாய்க்குள் வந்து போயிருக்கிறது.
வயிற்றுக்குள் போனதில்லை.
வீட்டில் நான் காபி.

வெளியே சாப்பிடப் போனால்
ரெஜினா என் தொடையைக் கிள்ளுவாள்.
சூப்பை உறிஞ்சினால் ஒரு கிள்ளு.
ரசத்துக்கு ரெண்டு.
அவள் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில்
பாயசம் வந்தபோது
பந்தியே திரும்பிப் பார்த்தது.

ஜப்பான் சாப்பாடு அவள் கண்டுபிடிப்பு.
போனில் எதையோ பார்த்துவிட்டு
ஞாயிறு பூசை முடிந்ததும் "கிளம்புங்க" என்றாள்.

முதலில் ஊட்டி. சேரிங்கிராஸ் பக்கம் மாடிக் கடை.
சோற்றுருண்டை நடுவில் பன்னீர்,
மேலே மயோனைஸ் கோலம்.
ஓரத்தில் பச்சையாய் ஒரு பொட்டு.
சட்னி என்று மொத்தத்தையும் வழித்து வாயில் போட்டேன்.
மண்டைக்குள் யாரோ
ஜன்னலை உதைத்துத் திறந்தார்கள்.
ரெஜினா சிரித்த சிரிப்பில்
பக்கத்து மேசைத் தேனிலவு ஜோடி
சண்டையை நிறுத்தியது.

அடுத்த மாதம் கோத்தகிரி.
போர்டில் மீன் படம், உள்ளே மீன் இல்லை.
"மேட்டுப்பாளையம் வண்டி வரலை சார், மண் சரிவு."
டெம்புரா சொன்னோம்.
கேரட்டும் பீன்ஸும் மாவில் தோய்ந்து
தனித்தனியாய்ப் படுத்திருந்தன.
"பஜ்ஜிக்கு இவ்வளவு மரியாதையா?"
அதற்கும் ஒரு கிள்ளு.
ஆனாலும் அந்தக் கேரட் இனித்ததைச் சொல்ல வேண்டும்.
மாவு, பல் பட்டதும் இல்லாமல் போனது.

மூன்றாவது எங்கள் ஊரிலேயே, தை பிறந்து,
பெட்போர்டில் டயர் கடைக்கு மேல்.
ஆறு ஸ்டூல், ஒரு அடுப்பு, ஜன்னல் முழுக்க மூடுபனி.
சமைப்பவன் லால்ரேமா, மிசோரம்காரன்.
பெங்களூரில் ஜப்பான்காரர் ஒருவரிடம்
நாலு வருஷம் பாத்திரம் கழுவிவிட்டுக் கரண்டி பிடித்தவன்.
ராமென் வந்தது.
எலும்பு வெந்த சாறு, பாதியாய் அறுத்த முட்டை,
மேலே மிதக்கும் எண்ணெய்க் காசுகள்.
நற்கருணை வாங்குகிறவன் போல்
உதட்டைக் குவித்து, ஓசையில்லாமல் குடித்தேன்.

அவன் எட்டிப் பார்த்தான்.
"பிடிக்கலையா சார்?"
"அருமை தம்பி."
"அப்போ சத்தம் எங்கே?
அங்கெல்லாம் உறிஞ்சுற சத்தம் கேட்கலைன்னா
சமைச்சவனுக்கு வருத்தம்."

ரெஜினாவைப் பார்த்தேன்.
அவள் கை என் தொடைப் பக்கம் தயாராய் இருந்தது.
மெல்ல அதைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

சர்ர்ர்ர்ர்.

கீழே டயர் கடைப் பையன்
பஞ்சர் என்று நினைத்து
நிறுத்தியிருந்த ஜீப்பைச் சுற்றி வந்தானாம்.

கடைசியில் பச்சைத் தேநீர்.
மெனுவில் ஷிசுவோகா, இருநூற்று அறுபது ரூபாய்.
பழக்க தோஷம். சுழற்றினேன், மூக்குக்கு ஏற்றினேன்.
உறைபனி விழுந்த ஜனவரி இலை.
கட்டபெட்டுக்கு மேலே, வடக்குச் சரிவு.
போன வாரம் என் ஆறாவது கிண்ணம்,
நானே மார்க் போட்டது.

லால்ரேமா என் முகத்தைப் பார்த்தான்.
துணியை எடுத்து
துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தான்.

"எப்படி இருக்கு ஜப்பான் டீ?"
துப்புவதற்குத் தொட்டி இல்லை.
விழுங்கினேன்.
தொண்டைக்குக் கீழேயும்
தேயிலைக்கு வழி இருக்கிறது,
சூடாய், நிதானமாய்,
நான் இதுவரை மார்க் போடாத இடங்களுக்கு.

"தூரத்து ருசி" என்றேன்.

அவளும் உறிஞ்சிப் பார்த்தாள்.
பழகாத வாய், பாதி சேலையில்.
"எனக்கென்னவோ
நம்ம கோத்தகிரிப் பக்கம் மாதிரிதான் இருக்கு."