பதினேழு புள்ளி எட்டு

இன்றிரவு பன்னிரண்டுக்குள் படிவத்தை அனுப்பினால்
டிசம்பருக்குள் பலகை தயார் என்கிறான் மத்தியாஸ்.
இன்ஸ்ப்ரூக்கில் சைக்கிள் கடைக்குக் கீழே அவன் பட்டறை.
வருஷத்துக்கு நாற்பது ஜோடி ஸ்கீதான்,
ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்கென்று.

முதல் கேள்வியே எடை.
பையோடு எவ்வளவு, பையில்லாமல் எவ்வளவு.
வீட்டில் தராசு இல்லை.
கோட்டூர் கொள்முதல் நிலையத்துக்கு நடந்தேன்.

புரட்டாசி மழை நேற்றுதான் விட்டிருந்தது.
களம் முழுக்கத் தார்ப்பாய் மூடிய குறுவைக் குவியல்கள்.
பனி விழுந்த கூரைகள் மாதிரி என்று சொல்ல வந்தேன்,
சொல்லவில்லை.
உள்ளே நெல் முளைத்துக்கொண்டிருந்தது.
பதினேழுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க முடியாதென்று
எழுத்தர் கருவியைத் தூக்கிக் காட்டினார்.
பதினேழு புள்ளி எட்டு.
நெல்லுக்குச் சொந்தக்காரி கருவியைப் பார்க்கவில்லை,
மேற்கே பார்த்தாள்.

இளவழகன் தராசைக் காலி செய்து தந்தான்.
ஐம்பத்தெட்டு.
பிறகு என் முதுகில் கால் மூட்டை நெல்லை ஏற்றினான்.
தண்ணீர், கயிறு, மடக்கு மண்வெட்டி,
சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவி
எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான் வரும்.
"ஒன்னே முக்கால் மூட்டைக்கு ரெண்டு கிலோ கம்மி.
எதுக்கு இதெல்லாம்?"
பனியில் மலை ஏற.
"ஏறி?"
இறங்க.
அவன் சிரிக்கவில்லை.
"கூலி யாரு தர்றா?"

இரண்டாம் கேள்வி:
கம்பியில் தொங்கி ஏறும் நாள் எத்தனை,
சொந்தக் காலில் ஏறும் நாள் எத்தனை.

ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி முடிந்த காலைகளில்
நேரே கேபிள் கார்.
இயந்திரம் அழுத்திக் கெட்டித்த பாதை.
அதற்குப் பலகை கனமாக இருக்கணும்,
அதிரக் கூடாது, விளிம்பு கடிக்கணும்.
நீண்ட விடுப்பில் பாதையே இல்லாத சரிவு.
அடியில் தோல்பட்டை ஒட்டி
நாலு மணி நேரம் ஏற்றம், அரை மணி இறக்கம்.
கதிரை உருவுவது போலத்தான் அந்தத் தோல்,
ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் சுணை பிடிக்கும்.
அங்கே ஒவ்வொரு கிராமும் கடன்.

இரண்டு ஜோடி சாத்தி வைக்க
என் அறையில் சுவர் கிடையாது.
ஒரே ஜோடியில் இரண்டும் வேண்டுமென்றால்
எதை இழக்கச் சம்மதம்?
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம்.

லாரிக்குச் சாய்த்த பலகையில் இளவழகன் ஏறினான்.
முதுகில் மூட்டை.
இரண்டாம் எட்டில் பலகை நடுவில் தாழ்ந்தது,
மூன்றாம் எட்டில் அதுவே அவனைத் தூக்கிவிட்டது.
இறங்கும்போது வெறுங்கையை வீசிக்கொண்டு ஓடிவந்தான்,
பலகை தடதடவென்று உதறியது.
என்ன மரம் என்றேன்.
"யாருக்குத் தெரியும். போன வருஷத்தது விறைப்பு,
முட்டி போச்சு.
இது ஏத்தத்துக்கு நல்லது, இறங்குறப்ப தள்ளிவிடப் பாக்கும்.
இறங்குறதுக்கா எனக்குச் சம்பளம்?"

எனக்கு இறங்கத்தான் ஆசை.
மணிக்கணக்கு மட்டும் ஏற்றத்தின் பக்கம்.

இரவு கரண்ட் இல்லை. கைப்பேசி வெளிச்சத்தில் நிரப்பினேன்.
நீளம் நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.
இடுப்பு அகலம் தொண்ணூற்றெட்டு மில்லி.
உள்மரம் பாப்லர், காலடியில் மட்டும் ஆஷ்.
மூக்கில் இளக்கம், வாலில் விறைப்பு.
மேலே படம் எதுவும் வேண்டாம்.
பெரும்பாலும் எந்தப் பனி, உலர்ந்த தூளா, ஈரமா?
பதினேழு புள்ளி எட்டு என்று அடித்தேன்.
அழித்தேன்.
இழக்கச் சம்மதம்:
கேபிள் கார் நாட்களின் வேகம்,
முழுவதும் இல்லை.

பதினொன்று நாற்பதுக்கு மழை மறுபடி இறங்கியது.
களத்துப் பக்கம் பைக் விளக்குகள் ஓடின,
யாரோ யாரையோ பேர் சொல்லிக் கத்தினார்கள்.
அனுப்பு பொத்தானை அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.
கைப்பேசியை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு
செருப்பைத் தேடாமல் ஓடினேன்.
காற்றில் எழும் தார்ப்பாய்க்கு நாலு மூலை,
ஒரு மூலையில்
ஐம்பத்தெட்டு கிலோ நிற்கலாம்.