அரை டிகிரி

என் அளவுகோலில்
ஒரு சென்டிமீட்டர் கொஞ்சம் நீளம்.
நானே கீறிக்கொண்டது.
சூளைக்குள் போகும் மண்
நூற்றுக்குப் பதின்மூன்றைத்
தொலைத்துவிட்டுத்தான் திரும்பும்;
அதனால் முதலிலேயே
பொய்யாய் அளந்துவிடுகிறேன்.

வெருலத்தில் எங்கள் ஷெட்டில் சூளை நிற்கிறது.
கார் மழையில் நிற்கிறது.
பகலெல்லாம் ஃபீனிக்ஸ் டைல்ஸ் கடையில்
சதுரங்களுக்குக் கணக்கெழுதுகிறேன்.
ராத்திரி அதற்குப் பரிகாரம்.

அன்னாசியின் கண்களை
எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?
ஒருபக்கம் சாய்ந்து எட்டு வரிசை,
மறுபக்கம் சாய்ந்து பதின்மூன்று.
வார்விக் சந்தையில்
கடைக்காரன் சிரிக்கச் சிரிக்க எண்ணினேன்.
ஒரு கண்ணுக்கும் அடுத்ததற்கும் நடுவே
நூற்று முப்பத்தேழரை டிகிரி.
அந்த அரையில்தான் எல்லாம்.

எண்பத்தொன்பது செதில்கள்.
வெள்ளி இரவு ஒவ்வொன்றாய் வழித்து,
சுற்றுப்பலகையைத் திருப்பி, ஒட்டி,
நூற்று முப்பத்தேழு, ஒட்டி,
நூற்று முப்பத்தேழு.
கரும்புக்காடு கொளுத்துகிற மாதம்.
ஜன்னல் வழியே கரிச்சாம்பல் வந்து
ஈரத்தில் உட்கார உட்கார
ஊதிக்கொண்டே இருந்தேன்.
ஊதினதில் பறந்திருக்கும் அந்த அரை.

ஐம்பத்தைந்தாவது செதிலுக்குள்
இருபத்தேழரை டிகிரி பிசகிவிட்டது.
காலையில் பார்த்தால்
சுருள்களுக்கு நடுவே சந்து:
யாரோ சீப்பால் வகிடெடுத்த மாதிரி.

போங்கெக்கிலே மூன்று பானைகளோடு வந்தாள்.
சூளை இருவருக்கும் பொது.
தட்டில் அடைக்கிற இடத்தை வைத்து
மின்கட்டணத்தில் எனக்கு ஐந்து பங்கு, அவளுக்கு மூன்று.
அவள் பானைத் தோள்களில்
மண் பருக்கள் மழைக்கு முந்தைய புழுக்கம்போல் நெருங்கியிருந்தன.
பாகைமானி கிடையாது.
எப்படி வைக்கிறாய் என்றேன்.
"எங்கே இடம் அதிகமோ, அங்கே."

அன்னாசிக்கும் அதே விதிதான்.
அது தெரிந்தேதான்
பாகைமானிக்கு நூற்றிருபது ராண்டு கொடுத்தேன்.

எண்ணூற்று நாற்பதில் கரண்ட் போனது.
இரண்டரை மணி நேரம்
காருக்குள் உட்கார்ந்து
சூளை டிக் டிக்கென்று ஆறுவதைக் கேட்டோம்.
வந்தபிறகு மீண்டும் ஏற்றினோம்;
முழுச்சூடு எட்டவில்லை.

திங்கள் திறந்தேன்.
முப்பத்துநான்கு சென்டிமீட்டர் நிற்க வேண்டியது,
ஆறு மில்லிமீட்டர் சுருங்க மறுத்து நின்றது.
சந்து அப்படியே.
ஓரத்தில் வெண்பூச்சு சற்றே வழிந்து
பால் பொங்கி அடங்கிய பாத்திர விளிம்பு.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது, வரவா, நட்டமா?

போங்கெக்கிலே சந்துக்குள்
சுண்டுவிரலை விட்டு எடுத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மின்சார பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"கரண்டே இல்லாத அந்த இரண்டரை மணி நேரத்தையும்
ஐந்துக்கு மூன்றாய்த்தான் பிரிக்கணுமா?"