கை தட்டிப் பார்த்தல்

கை தட்டினால்
தட்டியவன் வெளியே போன பிறகும்
தட்டிக்கொண்டிருந்த அறை.
பத்துக்கு எட்டரை. சத்துவாச்சாரியில் இரண்டாம் மாடி.
நான்கு பக்கம் சிமெண்ட், தரையில் டைல்ஸ்.
வாயைத் திறந்தால் அண்டாவுக்குள் தலை.

என் குரல் உங்களுக்குத் தெரியும், என்னைத் தெரியாது.
ஆட்டோ தலையில் கட்டிய குழாயில்
லாங் பஜார் நெடுக ஆடித் தள்ளுபடி கத்துகிறவன்.
நாளை குடிநீர் வராது என்பதும் நானே.

"கத்துற குழாய்க்கு இம்மாம் வேலையா?"
நைட் டியூட்டி முடித்த சீருடையோடு
கதவில் சாய்ந்து கேட்டாள் பியூலா.
பதில் இல்லை. டேப்பை எடுத்து அளந்தேன்.

முதலில் முட்டை அட்டை, எண்பத்திரண்டு.
யாரோ சொன்னார்கள் என்று.
எதிரொலிக்கு ஜலதோஷம் பிடித்தது, அவ்வளவுதான்.
பல்லிகளுக்கு இடம் பிடித்திருந்தது.

பிறகு ஆம்பூரிலிருந்து இம்தியாஸ்
மூட்டை கட்டி வந்தான் ஷூ கம்பெனிக் கழிவை:
பாதம் வெட்டி எடுத்த பின் மிஞ்சிய ஃபோம்.
எந்த நாட்டிலோ நடந்துகொண்டிருப்பவர்களின்
இடது ஓட்டை, வலது ஓட்டை, சுவர் முழுக்க.
ஒரு துண்டை வாயில் வைத்து ஊதினான்.
மூச்சு மறுபக்கம் போகவில்லை.
"காத்தே போவாத எடத்துல சத்தம் எப்பிடி போவும்?"
அவனே சுருட்டி அவனே தூக்கிப் போனான்.

கடைசியில் ராணிப்பேட்டை.
பாய்லருக்குச் சுற்றுகிற ராக்வூல்.
கல்லை உருக்கி இழுத்த நூலாம்.
எங்களுக்கா கல்லுக்குப் பஞ்சம்?
ஜன்னலைத் திறந்தால் மொட்டை மலை;
பகலெல்லாம் தின்ற வெயிலை
ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குள் கக்கும்.
அதே கல் பஞ்சானால் வாங்கியதைத் தராது
என்றார் கடைக்காரர்.
குடியாத்தம் லுங்கித் துணி போர்த்தித் தைத்தேன்.
மூன்று நாள் கை அரிப்பு, தேங்காய் எண்ணெய்.

எங்கே மாட்டுவது என்பதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி.
மைக்கின் முன்னால் நான் உட்கார
பியூலா அதைச் சுவரோடு நகர்த்தினாள்.
மைக் எங்கே தெரிகிறதோ
அங்கிருந்துதான் என் குரல் திரும்பி வருகிறது.
"தெரியுதா?"
இல்லை.
"இப்போ?"
உன் வளையல் தெரியுது.
"இப்போ?"
தெரியுது. பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.
மூலைகளில் இன்னும் தடிமனாக வைத்தோம்,
அடித்தொண்டை அங்கேதான் பதுங்கும்.

கை தட்டினேன்.
தட்டினேன், அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது, ஆற்காடு ரோடு பக்கமிருந்து.
அதைத் தடுக்கச் செங்கல் வேண்டும்.
செங்கலுக்குக் காசு.

சித்திரை இருபத்தொன்பது. ஃபேனை நிறுத்தியிருந்தேன்.
காட்பாடியிலிருந்து தணிகாசலம் என்று ஒருவர்
சீட்டில் எழுதி எடுத்து வந்திருந்தார்:
மனைவி பெயர், வயது ஐம்பத்திமூன்று,
மாலை நான்கு மணியளவில்.
நான் படிக்கப் படிக்கக் கேட்டிருந்தவர்
"அன்னாரது" என்ற இடத்தில் அழுதுவிட்டார்.
அழுகை ஒரு முழம் போய் நின்றது.
அவரும் நிறுத்தி, லுங்கிக் கட்டங்களைப் பார்த்தார்.
"இன்னா சார் இது,
ஒண்ணுமே திரும்பி வரல."

இரண்டாவது டேக்கில் முடிந்தது.
பாதிக் காசு வாங்கினேன்.

அன்றிரவு பின்சுவரிலிருந்து ஒரு பலகையைக் கழற்றினேன்.
ஒன்று மட்டும்.
இப்போது கை தட்டினால்
அடுத்த அறையில் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல்
கொஞ்சம் வருகிறது.

கழற்றியதை மிக்ஸிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறாள் பியூலா.
சட்னி அரைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழந்தை
இப்போதெல்லாம் எழுவதில்லையாம்.
அப்படி இருக்க வழியே இல்லை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.