பாலம் மேலே போன நேரம்

டுலூத்தில் இரண்டாம் நாள்.
ரயில் அருங்காட்சியகத்தில் ஓஸ்கர் அழுதான்.
கலங்கரை விளக்கத்தடியில் மாரித்துக்குக் குளிர்.
அடுத்தது என் முறை:
கால்வாயோரம் ஒரு பீர்க்கூடம்.

நாலு குட்டிக் கண்ணாடி, நாலு நிறம்.
ஸ்ப்ரூஸ் துளிர் போட்டுக் காய்ச்சியதை மட்டும்
அவளுக்கென்று தள்ளி வைத்தேன்.
புகைபோட்ட வெள்ளைமீன்
தாளில் சுருண்டு வந்தது;
விரலெல்லாம் எண்ணெய்.

அக்கரையில் கல் பொறுக்கப் போயிருந்தார்கள்.
"பத்தே நிமிஷம்" என்றிருந்தாள்.
திரும்பும் நேரம் பார்த்து மணியடித்தது.
பாலம்
படுத்தவாக்கிலேயே மேலே போனது.

தாதுக் கப்பல்.
நீளம், நீளம், இன்னும் நீளம்.
அது ஊத, பாலம் பதிலுக்கு ஊத,
மேசையில் கண்ணாடிகள் சிணுங்கின.
அந்தத் துருச் சுவருக்குப் பின்னால்
எனக்குக் குடும்பமே இல்லை,
ஒரு மீனைத் தின்று முடிக்கும் வரை.

வால் விலகியதும்
அங்கே ஒரு சிவப்புத் தொப்பி குதித்தது.
எழுந்து நின்று கையாட்டினேன்.
அது வேறு யார் வீட்டுப் பிள்ளையோ.
அதுவும் ஆட்டியது.

மாரித் வந்து உட்கார்ந்தாள், பை நிறைய ஈரக் கல்.
"இதுவா எனக்கு?"
நுரை செத்துக் கால்வாசி.
கப்பல் ரொம்பப் பெரிசு என்றேன்.
ஓஸ்கர் எட்டிப் பார்த்து
ஒவ்வொரு கல்லாய் உள்ளே போட்டான்:
"ஏறுது பாரும்மா."