உயரத்துக்குத் தனிப் பத்தி

மரிபோரில், பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில்
வியாழன்தோறும் ஐந்து பேர் கூடுகிறார்கள்.
கீழே துளையிடும் ஓசை ஆறு மணிக்கு நிற்கும்.
அதன் பிறகுதான்
சொற்களை வாய் திறக்கச் சொல்வோம்.

அபராதம் இல்லை, சிறை இல்லை.
"இது தகாது" என்று ஒரு தாளில் எழுதி
முத்திரை வைத்து வெளியிடுவோம்.
அவ்வளவே எங்களால் ஆவது.
நான் குறிப்பெடுப்பவள். எனக்கு வாக்கும் கிடையாது.

முதல் தாள் துணை மேயருடையது.
இரவு பதினொன்று நாற்பதுக்கு இணையத்தில் எழுதியிருக்கிறார்:
"வெள்ளம் வடிந்துவிட்டது.
எலிகள் மட்டும் ஏன் இன்னும் வடியவில்லை?
சும்மா கேட்கிறேன்."

பெயர் இல்லை, தெரு இல்லை.
ஆனால் த்ராவா ஆற்றங்கரையில்
தகரக் கொள்கலன்களில் தங்கியிருப்பவர்கள் யாரென்று
ரொட்டிக்கடைக்காரருக்கும் தெரியும்.
பள்ளிச் சமையற்காரி மிர்சாதா
புகாரில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்:
"நாங்கள் முப்பத்தொரு பேர். வந்து எண்ணிக்கொள்ளலாம்."

பொகோமிர் மொழியியல் படித்தவர்.
கேள்விக்குறியைக் குடை என்றார்,
தான் நனையாமல் நின்றுகொண்டு
அடுத்தவர்மேல் சேற்றை வாரி இறைக்க.
"சும்மா"வுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.
ஐந்து கைகளும் உயர்ந்தன. காப்பி வந்தது.

இரண்டாம் தாளை அடியில் வைத்திருந்தேன்.
தற்செயல் என்று சொல்லமாட்டேன்.
நடிகை யெர்னேயா. எங்கள் யெர்னேயா.
வெள்ளத்தன்று இடுப்பளவு நீரில்
அந்நியர் வீட்டுக் கட்டில்களைச் சுமந்தவள்.
"மாநகராட்சிக் கட்டடத்துக்கு எலிப்பொறி வாங்க
நிதி திரட்டுகிறேன். பெரிய அளவு வேண்டும்."

யாரோ சிரித்தார்கள். விதா என்று நினைக்கிறேன்.
மேசையைத் தாண்டுவதற்குள் சிரிப்பு செத்துவிட்டது.
வெப்பக்குழாய் மட்டும் டொக் டொக்கென்றது.

இது நையாண்டிதானே.
அவர்தானே ஆரம்பித்தார்.
பதவியில் இருப்பவரைத்தானே.
மூன்று 'தானே'யும் ஒரே மூச்சில் வந்தன,
முதல் தாளுக்கு ஒருவரும் தேடிப் போகாத சமாதானங்கள்.

பொகோமிர் தணிந்த குரலில் கேட்டார்:
மாடியிலிருந்து போடும் கல்லும்
தரையிலிருந்து எறியும் கல்லும் ஒன்றாகுமா?
ஆகாது, என்றார் ஸ்டென்கா.
முப்பது வருடம் நீதிபதியாக இருந்தவர்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"முதலில் கல்லின் எடையை எழுதுவோம்.
உயரத்துக்குத் தனிப் பத்தி."

மூன்று கைகள் எழுந்தன.
நான்காவது, பாதி வழியில், காதைச் சொறிந்தது.

வீட்டில் தட்டச்சு செய்தேன்.
இதை விரும்பியவர்கள் நான்காயிரத்துப் பன்னிரண்டு பேர்.
அதில் ஓர் இதயம் என்னுடையது,
பேருந்தில் தொங்கியபடி
என் நிறுத்தம் வருவதற்குள் இட்டது.
இப்போதும் ஒரு தொடுகையில் எடுத்துவிடலாம்.
எடுத்தால் எண் பிழையாகும்.
"குறிப்பெடுப்பவர் உட்பட" என்று சேர்த்து
ஸ்டென்காவுக்கு அனுப்பினேன்.

காலையில் திரும்பி வந்தது.
எங்கோ ஒரு காற்புள்ளியை நீக்கியிருந்தார்.
அந்த வரியைத் தொடவில்லை.