நாலு சக்கரத்துக்கும் பங்கு

வக்கீல் பீஸுக்குப் பதிலாக வந்த கார் இது.
இறால் குளத்தில் வெண்புள்ளி விழுந்த வருஷம்
இடும்பாவனம் வைரக்கண்ணு
வழக்கில் ஜெயித்தார், வங்கியில் தோற்றார்.
சாவியை என் மேசையில் வைத்து
"நாலு சக்கரமும் இழுக்கும் மேடம்,
மலையே ஏறும்" என்றார்.

மன்னார்குடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும்
ஏறுவதற்கு இருப்பவை
ஆற்றுப் பாலங்கள் மட்டும்தான்.

பதினான்கு வயது. மூக்கில் நாலு வளையம்.
இருக்கைக்கு அடியில் தீவன மூட்டை வாசம்,
எந்த ஷாம்புக்கும் போகாதது.

முதல் மாதம் இக்னிஷன் காயில் ஒன்று.
பாமணி ஆற்றுப் பாலத்தில் விக்கி விக்கி நின்றது.
நாலாயிரத்து இருநூறு.
"ஒண்ணு போச்சுன்னா மத்த மூணும் கிளம்பிரும்க்கா"
என்றான் தாவூது.
அண்ணன் தம்பி நாலு பேர் வழக்கைப் பார்த்தவள் நான்.
நம்பினேன்.
கிளம்பின.

பிறகு கன்ட்ரோல் ஆர்ம். பக்கத்துக்கு நாலு, ஆக எட்டு.
கோட்டூர் சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும்
கட்டக்கட என்று ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டே வந்தவை.
நாற்பத்தெட்டாயிரம், கூலி தனி.

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது.
நிறுத்தணும்னா இன்ஜினைப் பிரிக்கணும், ஒண்ணரை லட்சம்;
ஊத்திக்கிட்டே ஓட்டுனா மாசம் அறுநூறு.
இதே கணக்கைக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்ட பெண்கள்
என் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.
அறுநூறைத்தான் அவர்களும் எடுத்தார்கள்.

டயரில் ஆணி. பக்கச்சுவர் கிழிந்துவிட்டது.
"ஒண்ணு மட்டும் மாத்தக் கூடாது, நாலும் மாத்தணும்."
ஏன்?
ஷெட் தரையில் சாக்பீஸால் வரைந்தான்:
ஒரு தலை வாய்க்கால், இரண்டு கிளை, நடுவில் ஷட்டர்.
நாலு மடைக்கும் அளந்து விடுவது அதன் வேலை.
ஒரு சக்கரம் உயரமாக இருந்தால்
ஓடுகிற நேரமெல்லாம் பஞ்சாயத்து பேசிப் பேசியே
சூடேறிச் செத்துப்போகுமாம்.
பாகப்பிரிவினை வழக்குகளில் அப்படிச் செத்தவர்களின்
பெயர்களை நான் அவனுக்குச் சொல்லவில்லை.
நாலு டயர், முப்பத்தாறாயிரம்.

ஐப்பசி கடைசியில் கோர்ட் என்னை கமிஷனராகப் போட்டது.
கோட்டூருக்குத் தெற்கே ஒரு வரப்புத் தகராறு,
அளந்து படம் போட்டுத் தர வேண்டும்.
மழை. வண்டிப்பாதை. இதற்குத்தானே இந்தக் கார் என்று
மிதித்தேன்.
சேற்றை நாலு சக்கரத்துக்கும்
பாரபட்சமில்லாமல் பகிர்ந்தது.

வாதி கயிறு கொண்டுவந்தார்.
பிரதிவாதி டிராக்டர் கொண்டுவந்தார்.
ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள்
"ஏ, பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டே
என் காரின் மூக்கைத் தூக்கிக் கட்டி
பின் சக்கரம் உருள உருள
முத்துப்பேட்டை வரை இழுத்தார்கள்.

தாவூது குனிந்து பார்த்தான்.
"முன்னால தூக்கியா இழுத்தாங்க?"
ஆமாம்.
ஜாக்கி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.
"இதை இழுக்கக் கூடாதுக்கா. நாலையும் தூக்கி ஏத்தணும்."

புதுசு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
கோயம்புத்தூரில் பழசு எண்பத்தைந்து.
கியாரண்டி உண்டா என்றேன்.
"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவான்."

கமிஷனர் பீஸ் ஐயாயிரம்.
அறிக்கையில் வரப்பின் நீளம், மதகின் அகலம்,
பக்கத்து மரங்கள் எல்லாம் எழுதினேன்.
கயிறும் டிராக்டரும் சேர்ந்து வந்ததை எழுத
படிவத்தில் இடம் இல்லை.

கார் செங்கல் மேல் நிற்கிறது.
இன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வைரக்கண்ணு.
மடியில் மூன்று பாட்டில், குளத்துத் தண்ணீர்,
பரிசோதனைக்கு.
மறுபடியும் குளம் எடுத்திருக்கிறாராம், குத்தகைக்கு.

"வண்டி எப்படி ஓடுது மேடம்?"

பாட்டிலைப் பார்த்தேன்.
லேசாகப் பச்சை. அடியில் ஏதோ படிந்திருந்தது.
"தண்ணி எப்படி இருக்கு?" என்றேன்.

"நாளைக்குத்தான் சொல்வாங்க."